அத்தானின் பெயரில் ஓர் ஏரிக்கரை

என் அக்காவின் கணவர் சச்சிதானந்தனை ஒஸ்லோவில் இருக்கும் எங்கள் ஆட்களுக்கு ஒரு பகிடியாகத்தான் தெரியும். எல்லோரும் மோர்டென்ஸ்ருட்டிலும் ட்வெய்ட்டாவிலும் வீடு வாங்கி, கோயிலுக்கும் தமிழ்க்கடைக்கும் கிட்டவாக இருக்கிறார்கள். இந்த மனிதர் மட்டும் லில்லெஸ்ட்ரோமும் தாண்டி, சுவீடன் எல்லைப் பக்கம், கிரான்வாத் என்ற காட்டுக் கிராமத்தில் முப்பது வருடத்துக்கு மேலாகக் குந்திக்கொண்டிருக்கிறார். "அங்கை என்ன, மானுக்குத் தமிழ் படிப்பிக்கிறாரோ?" என்று என் கணவர் மகேசன் கேட்பார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மகேசனின் வாயைப் பற்றி இனி நிறையச் சொல்லவேண்டி வரும். இப்போதைக்கு விடுகிறேன்.

அத்தான் அங்கே தங்கியதற்குப் பெரிய காரணம் எதுவும் இல்லை. அகதியாக வந்திறங்கிய நேரம் அரசாங்கம் அவரை அந்த ஊர் முகாமில் கொண்டுபோய்ப் போட்டது. விசா கிடைத்ததும் கூட இருந்த பெடியள் எல்லாம் பஸ் ஏறி ஒஸ்லோவுக்கு வந்துவிட்டார்கள். அத்தானுக்கு அதற்குள் மர ஆலையில் வேலை கிடைத்திருந்தது. வேலையை விட்டுவிட்டு வேலை தேடப் போவதா என்று கேட்டாராம். அவ்வளவுதான் விஷயம். பிறகு யாழ்ப்பாணத்திலிருந்து என் அக்கா புஷ்பமலர் கலியாணம் கட்டி அங்கே போனாள். முதல் குளிர்காலத்தில் அவள் எனக்கு எழுதிய கடிதமெல்லாம் ஒரே அழுகை. இரண்டாவதில் அழுகை குறைந்தது. மூன்றாவதில் பனிச்சறுக்குக் கட்டை வாங்கிவிட்டாள். மகேசனை எனக்குப் பேசி, என்னையும் இந்த நாட்டுக்கு எடுப்பித்தது அத்தான்தான். அதற்காக அவர்மேல் எனக்கு இன்றைக்கும் கோபம் உண்டு.

ஆலை மூடியபின் ஊர் முதியோர் இல்லத்தில் கட்டடப் பராமரிப்பு வேலை கிடைத்தது. அக்காவுக்கு அங்கேயே சமையலறையில் வேலை. அந்த இல்லத்துக்கு எதிரேதான் தீயணைப்பு நிலையம். நிலையம் என்றதும் பெரிதாக நினைக்கவேண்டாம். ஒரு கராஜ், ஒரு வண்டி, பன்னிரண்டு ஆட்கள். ஒருவரும் முழுநேரம் இல்லை. கரண்ட் வேலை செய்கிறவர், மாடு வளர்க்கிறவர், பள்ளிக்கூட வாத்தியார், தலைமயிர் வெட்டுகிற பெண் என்று எல்லோருக்கும் சொந்த வேலை இருந்தது. இடுப்பில் ஒரு சின்னக் கருவி. அது கத்தினால் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு ஓடவேண்டும். பகலில் ஊருக்குள்ளேயே இருக்கிற ஆள் வேண்டும் என்று அத்தானைக் கேட்டார்கள். ஆள் கிடைக்காமல்தான் கேட்டார்கள் என்று மகேசன் சொல்வார். அது உண்மையும்தான். ஆனால் கேட்டபோது ஓம் என்றவர் இவர்தான். இருபத்திரண்டு வருடம் அந்த ஓமை அவர் மாற்றவில்லை.

நாலு கிழமைக்கு ஒரு கிழமை, ஏழு நாளும் அவருக்கு முறை. அந்தக் கிழமை ஊரை விட்டு வெளியே போகக்கூடாது, ஒரு மிடறு பியர்கூடத் தொடக்கூடாது. எங்கள் ஆட்கள் அதற்கு விரதம் என்று பெயர் வைத்தார்கள். "சச்சியண்ணைக்கு இந்தக் கிழமை விரதம், வரமாட்டார்" என்று கலியாண வீடுகளில் சொல்லிச் சிரிப்பார்கள். என் மகள் பெரியபிள்ளையான சாமத்திய வீட்டுக்கே மனிதர் வரவில்லை. அக்கா தனியாக ரெயிலில் வந்து, படமெடுக்கும்போது ஓரமாக நின்றாள். அன்றைக்கு எனக்கும் பற்றிக்கொண்டு வந்தது. சொந்தப் பெறாமகளின் சடங்கைவிட வெள்ளைக்காரனின் மாட்டுக்கொட்டில் பெரிதோ என்று கேட்டுவிட்டேன். அவர் கோபிக்கவில்லை. அன்று உண்மையாகவே ஒரு மாட்டுக்கொட்டில் எரிந்ததாகவும், ஒரு மாடும் சாகவில்லை என்றும் சொன்னார். இந்த மனிதரோடு சண்டை பிடிக்கவும் முடியாது.

நெருப்பு மட்டும் அல்ல அவர்களின் வேலை. அம்புலன்ஸ் நகரத்திலிருந்து வரவேண்டும், முக்கால் மணி நேரம் பிடிக்கும். பனி கொட்டினால் அதற்கும் மேல். ஆகவே யாருக்காவது நெஞ்சு வலித்தாலும், கார் பள்ளத்தில் பாய்ந்தாலும், முதலில் ஓடுவது இந்தப் பன்னிரண்டு பேரும்தான். போர்கில்ட் என்ற கிழவியின் புருஷன் ஒருநாள் விறகு கொத்துகிற இடத்தில் மூச்சில்லாமல் விழுந்துவிட்டார். அத்தான்தான் அவருடைய நெஞ்சை அமத்திக்கொண்டே இருந்தவர், அம்புலன்ஸ் வரும்வரை. கிழவர் பிறகு ஆறு வருடம் இருந்தார். அந்த ஆறு வருடத்தையும் தனக்கு சச்சி தந்தது என்று போர்கில்ட் எல்லோரிடமும் சொல்லித் திரிவாள். ஒவ்வொரு நத்தாருக்கும் அவருக்குக் கம்பளிக் காலுறை பின்னிக் கொடுப்பாள்.

இனி மகேசனுக்கு வருவோம்.

மகேசனுக்கு பஸ் டிப்போவில் மேற்பார்வை வேலை. அதற்கு மேலே தமிழ்ச் சங்கத்தில் பொறுப்பு. மைக்கைக் கண்டால் விடமாட்டார். கூட வேலை செய்கிற நோர்வேக்காரர் எல்லோருக்கும் காட்டுக்குள்ளே ஒரு ஹித்தே இருந்தது. ஹித்தே என்றால் விடுமுறைக்குப் போய் இருக்கிற மரவீடு. இந்த நாட்டில் அது இல்லாதவன் முழு மனிதன் இல்லை என்பதுபோலக் கதைப்பார்கள். மகேசனுக்கும் அந்த ஆசை வந்தது. அவருடைய தம்பிக்கும் வந்தது, டிப்போவில் வேலை செய்கிற கூட்டாளி ஒருவருக்கும் வந்தது. அந்த நேரம் பார்த்து போர்கில்ட் தன் ஏரிக்கரைத் துண்டை விற்கப்போகிறாள் என்று அக்கா வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அதில் மூன்று பழைய ஹித்தேகள் இருந்தன.

போர்கில்டுக்கு ஒஸ்லோ ஆட்களைக் கண்ணில் காட்டக்கூடாது. வருடத்தில் இரண்டு கிழமை வந்து சத்தம் போட்டுவிட்டுப் போகிறவர்களுக்கு என் அப்பன் காணியை விற்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கூடின விலை சொல்லி வந்தவர்களையும் திருப்பி அனுப்பினாள். இந்த ஊரில் இருக்கிறவருக்குத்தான் கொடுப்பேன் என்றாள். உடனே மகேசன் ஒரு வழி கண்டுபிடித்தார். காசை இவர்கள் மூன்று பேரும் போடுவது, காணியை அத்தானின் பெயரில் எழுதுவது.

எங்கள் ஆட்களிடையே இது ஒரு குற்றமே இல்லை. கார் மச்சானின் பெயரில் ஓடும். கடை மனைவியின் பெயரில் நடக்கும். ஊரில் உள்ள காணி கனடாவில் இருக்கிற தமையனின் பெயரில் கிடக்கும். யாருடையது யாருடையது என்று குடும்பத்துக்குள் எல்லோருக்கும் தெரியும், வெளியாருக்கு ஏன் தெரியவேண்டும் என்பது எங்கள் கணக்கு. அத்தான் மட்டும் மாட்டேன் என்றார். அந்தக் கிழவியின் முகத்தை நான் தினமும் பார்க்கவேண்டும் என்றார். இரண்டு மாதம் அக்காவைப் பிடித்து நெருக்கினார்கள். கடைசியில் அக்கா அவரிடம் சொன்னாளாம், "பேருக்குத்தானே, இஞ்சருங்கோ. என்ரை தங்கச்சி வந்து நாலு நாள் நிண்டுட்டுப் போக ஒரு இடம். இவ்வளவு காலமும் உங்களிட்டை நான் என்ன கேட்டனான்?" உண்மையில் அவள் ஒன்றும் கேட்டதில்லை. அத்தான் கையெழுத்து வைத்தார். என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை.

போர்கில்ட் விலையைக் குறைத்துத்தான் கொடுத்தாள். அந்த ஆறு வருடத்துக்காக.

பிறகு கோடை விடுமுறைக்கும் ஈஸ்டருக்கும் நாங்கள் மூன்று குடும்பமும் அங்கேதான். இறைச்சி வாட்டுகிற புகை ஏரிக்கு அந்தப் பக்கம் வரைக்கும் போகும். சச்சிக்கு இவ்வளவு சொந்தக்காரர்களா என்று போர்கில்டுக்கு ஆச்சரியம். பக்கத்து வளவுதான் அவளுடையது. வாஃபிள் சுட்டுக்கொண்டு வருவாள், சச்சியின் விருந்தாளிகள் என்று எங்களுக்கெல்லாம் பரிமாறுவாள். மகேசன் ஒரு கையால் வாஃபிளை வாங்கிக்கொண்டு, எங்கள் ஹித்தே எப்படி என்று தன் கூட்டாளிகளுக்குப் படம் அனுப்புவார்.

அப்படியே போயிருந்தால் போயிருக்கும். கிரான்வாத் ஊர்ச்சபையிடம் காசு முடிந்துவிட்டது. தீயணைப்பு நிலையத்தை மூடி, நகரத்து நிலையத்தோடு சேர்க்கலாம் என்று ஒரு கதை வந்தது. மூடாமல் இருக்கவேண்டும் என்றால் ஒரே வழி புது வரி. யாழ்ப்பாணத்தில் நாங்கள் சோலைவரி என்று சொல்வோமே, அதுதான். வீட்டுக்கும் காணிக்கும் போடுவது. கிரான்வாத்தில் அதுவரை அந்த வரி இருந்ததில்லை. வந்தால் ஊர் வீடுகளுக்கு மட்டும் அல்ல, ஹித்தேகளுக்கும் வரும். கிடைக்கிற காசு முழுக்க நிலையத்துக்கும் அவசர உதவிக்கும்தான் என்று எழுதியே வைத்திருந்தார்கள்.

அத்தான் அந்த இலையுதிர் காலம் முழுக்க ஒவ்வொரு வீடாகப் போனார். வேலை முடிந்து, இருட்டுக்குள், கையில் டோர்ச்சோடு. வாழ்நாளில் யாரிடமும் ஒன்றும் கேட்டுப் போகாத மனிதர். வாசலில் நின்று, வரிக்கு ஓம் சொல்லும்படி உங்கள் ஊர்ச்சபை ஆளிடம் சொல்லுங்கள் என்று கேட்டார். சிலர் கதவைச் சாத்தினார்கள். சிலர் கோப்பி கொடுத்தார்கள். அக்கா எனக்குப் போன் எடுத்து, மனிதர் நித்திரையிலும் வரியைப் பற்றித்தான் கதைக்கிறார் என்றாள். அந்த நிலையம் போனால் தனக்கு அந்த ஊரில் என்ன மிச்சம் என்று அவளிடம் கேட்டிருக்கிறார். ஒஸ்லோவில் நாங்கள் எல்லோரும் யாராக இருக்கிறோம் என்று தெரிந்துதான் இருக்கிறோம், கூட்டத்தோடு கூட்டம். அவர் அங்கே யாராக இருந்தார் என்றால் அந்த வண்டியில் ஏறி ஓடுகிற பன்னிரண்டு பேரில் ஒருவராக இருந்தார். வேறு ஒன்றாகவும் இல்லை.

மோர்டென்ஸ்ருட்டில் எங்கள் வீட்டில் வேறு கதை நடந்தது. மகேசனும் தம்பியும் கூட்டாளியும் இருந்து, வரி வந்தால் தங்களுக்கு எவ்வளவு வரும் என்று பேசினார்கள். சாமத்திய வீட்டு மேடை அலங்காரத்துக்குக் கொடுக்கிற காசில் காவாசிகூட இல்லை. ஆனால் மகேசன் அதைக் கொள்கைப் பிரச்சினை ஆக்கிவிட்டார். அங்கே எங்களுக்கு வாக்கு இல்லை, வாக்கு இல்லாத இடத்தில் வரி எதற்கு என்றார். கிரான்வாத்தில் ஹித்தே வைத்திருக்கிற ஒஸ்லோ நோர்வேக்காரர்களும் அதைத்தான் சொன்னார்கள், அவர்களோடு சேர்ந்துகொண்டார். தமிழன் ஒருவன் அவர்களுடைய குழுவில் இருப்பதில் அவருக்கு ஒரே பெருமை. அத்தானிடம் ஒரு சொல் கேட்டீர்களா என்று நான் கேட்டேன். "அண்ணை எங்கட ஆள்தானே, விளங்கிக்கொள்ளுவார்" என்றார்.

நவம்பரில் பள்ளிக்கூடத்து விளையாட்டு மண்டபத்தில் ஊர்க்கூட்டம் வைத்தார்கள். ஊர்ச்சபை வாக்கெடுப்புக்கு இரண்டு கிழமை இருந்தது. அக்கா வரச்சொன்னதால் நானும் போனேன். மண்டபம் நிரம்பி, சுவரோடு ஆட்கள் நின்றார்கள். ஒரு பக்கம் ஊர்ச்சனம், மறுபக்கம் ஒஸ்லோவிலிருந்து விலைகூடின குளிர்ச்சட்டைகளோடு வந்த ஹித்தேக்காரர். மகேசன் அவர்களோடு போய் இருந்தார். நான் அக்காவோடு ஊர்ப்பக்கம் இருந்தேன்.

அத்தான் சீருடையோடு வந்து மைக்கில் கதைத்தார். அந்த ஊர் ஆட்கள் இழுத்து இழுத்துக் கதைக்கிற நோர்வேஜியன் அவருக்கு அப்படியே வரும். பெரிதாக ஒன்றும் சொல்லவில்லை. யார் யாருடைய வீட்டுக்கு எந்த எந்த வருடம் போனோம் என்று சொன்னார். பெயர் சொல்லவில்லை, ஆனால் ஒவ்வொன்றையும் சொல்லும்போது மண்டபத்தில் ஒவ்வொரு இடத்தில் ஒவ்வொரு தலை குனிந்தது. நகரத்து வண்டி வர முக்கால் மணி நேரம் என்றார். அந்த முக்கால் மணி நேரமும் யார் உங்கள் பக்கத்தில் நிற்கப்போகிறார்கள் என்று கேட்டார். இரண்டாம் வரிசையில் இருந்த போர்கில்ட் எழும்பிக் கைதட்டினாள். பின்னால் நிறையப் பேர் தட்டினார்கள். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள். வென்றுவிட்டார் என்றுதான் நான் நினைத்தேன்.

அப்போது ஹித்தேக்காரர் ஒருவர் எழும்பி, எங்களுக்குக் கிடைக்காத சேவைக்கு நாங்கள் ஏன் கட்டவேண்டும் என்று ஏதோ சொன்னார். ஊர்ப்பக்கமிருந்து ஒரு கிழவர் திருப்பிக் கொடுத்தார். வெளியார் வாயை மூடுங்கள், இறைச்சி வாட்டத்தானே வருகிறீர்கள் என்றார். மண்டபம் சிரித்தது. மகேசனுக்குச் சுட்டுவிட்டது. எழும்பி, நேரே போய் மைக்கைப் பிடித்தார். 

அவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அதைத்தான் நான் இன்றைக்கும் நினைத்து நினைத்து எரிகிறேன். கெட்ட எண்ணம் இருந்திருந்தால் அந்த மனிதரை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். அவர் பெருமைப்பட்டுத்தான் சொன்னார். நாங்கள் வெளியார் இல்லை என்று நோர்வேஜியனில் சொன்னார். இதோ நிற்கிறாரே உங்கள் தீயணைப்புக்காரர், அவர் எங்கள் ஆள், ஒரே குடும்பம். ஏரிக்கரைக் காணிக்குக் காசு போட்டது நாங்கள் மூன்று பேர், பெயர் மட்டும் அவருடையது, அவ்வளவு நம்பிக்கை எங்களுக்குள். அதனால் இந்த வரி அவருடைய தலையிலும்தான் விழும். இப்படிச் சொல்லிவிட்டு அத்தானைப் பார்த்துச் சிரித்தார். சங்கக் கூட்டத்தில் யாரையாவது மேடைக்கு அழைக்கும்போது சிரிக்கிற அதே சிரிப்பு.

 போர்கில்ட் மெதுவாக எழும்பினாள். அவள் மகேசனைப் பார்க்கவே இல்லை.

"சச்சி," என்றாள், "என் அப்பாவின் காணி யாருடையது?"

அத்தான் என்னுடையது என்று சொல்லியிருக்கலாம். சட்டப்படி அது பொய்யும் இல்லை. அப்படிச் சொன்னால் அத்தனை பேருக்கு முன்னால் மகேசன் பொய்யன் ஆவார். இல்லை என்று சொன்னால் அந்தக் கிழவியை ஏமாற்றியதை ஒத்துக்கொண்டதாகும். அக்காவின் நகம் என் கைக்குள் இறங்கியது.

"பெயர் என்னுடையது," என்றார் அத்தான்.

போர்கில்ட் கைப்பையை எடுத்தாள், குளிர்ச்சட்டையைப் போட்டுப் பொத்தான் எல்லாவற்றையும் பூட்டினாள், நடு வழியால் வெளியே போனாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். அத்தான் அந்த மைக்குக்கு முன்னால் அப்படியே நின்றார். அவருடைய கூட்டாளிகள் பதினொரு பேரும் சுவரோடு வரிசையாக நின்றார்கள். ஒருவரும் அவர் பக்கம் வரவில்லை.

திரும்பி வரும்போது காருக்குள் மகேசன் கேட்டார், "நான் இப்ப என்ன பிழையாச் சொல்லிப்போட்டன்? எங்கட ஆள் எண்டுதானே சொன்னனான்?" வாயை மூடிக்கொண்டு காரை ஓட்டுங்கோ என்றேன். மோர்டென்ஸ்ருட் வரும்வரை அவர் கதைக்கவில்லை. அது பெரிய விஷயம்தான்.

வாக்கெடுப்பில் வரி தோற்றது. ஒரே ஒரு கையால். அந்த ஒரு கை யாருடையது என்று யாருக்கும் நிச்சயமாகத் தெரியாது, ஆனால் ஊர் தனக்குத் தானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டது. வீடு வீடாக வந்து வரி கட்டு என்று கேட்டவர், ஒஸ்லோக்காரருக்குக் கள்ளமாகக் காணி வாங்கிக் கொடுத்தவராம். அவர் கேட்டு நாங்கள் கட்டுவதா. முப்பது வருடம் அவரைச் சச்சி சச்சி என்று கூப்பிட்ட வாய்கள் அவை. அவர் யாருடைய வீட்டுக் கூரையில் ஏறினார், யாருடைய பிள்ளையைக் காருக்குள்ளிருந்து வெட்டி எடுத்தார் என்பதெல்லாம் ஒரு கேள்வியோடு போய்விட்டது. ஊரைச் சொல்லி என்ன, எங்கள் ஆட்களை விடவா. நிலையத்தில் ஒருநாள் மாடு வளர்க்கிறவர் அவரிடம், எங்களிடமாவது சொல்லியிருக்கலாமே என்று மட்டும் கேட்டாராம். 

ஜனவரியில் வண்டியை நகரத்துக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முதல்நாள் அத்தான் தனியாகப் போய் அதைக் கழுவித் துடைத்துவிட்டு வந்தார் என்று அக்கா சொன்னாள். கொண்டுபோகிறவனுக்குக் கழுவத் தெரியாதோ என்று எனக்குக் கோபம்தான் வந்தது. இடுப்பில் இருந்த கருவியையும் ஒப்படைத்தார். அதற்குப் பிறகும் பல நாள் வீட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் அவருடைய கை இடுப்புக்குப் போகுமாம்.

பெப்ரவரியில் பள்ளிக்கூடங்களுக்குக் குளிர்கால விடுமுறை. நாங்கள் ஹித்தேயில் நின்றோம். எனக்குப் போக விருப்பம் இல்லை. ஆனால் அக்காவைப் பார்க்க எனக்கு வேறு வழியும் இல்லை, அவள் மோர்டென்ஸ்ருட் பக்கம் வருவதை விட்டுவிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் சோறு போட்டுக்கொண்டிருந்தபோது வெளியே ஏதோ உறுமுகிற சத்தம் கேட்டது. பார்த்தால் போர்கில்டின் புகைக்கூண்டு வாயால் நெருப்பு நெட்டுக்கு எழும்புகிறது. உள்ளே படிந்த கரி பற்றிக்கொண்டுவிட்டது. நாங்கள் ஓடிப் போவதற்குள் கூரையிலும் பிடித்துவிட்டது. மகேசன் போன் எடுத்தார். தீயணைப்புக்கான 110க்கு அல்ல, அத்தானுக்கு. எங்கள் ஆட்களுக்கு எப்போதும் அதுதான் முதல் நம்பர். நான் பறித்து 110க்கு அடித்தேன். நகரத்திலிருந்து வண்டி புறப்படுகிறது என்றார்கள்.

அத்தான் ஏரிக்கு மறுகரையிலிருந்து புகையைக் கண்டே வந்துகொண்டிருந்தார். காரை நிறுத்தாமலே இறங்கியதுபோல இருந்தது. சமையலறைக் கதவால் உள்ளே போய், கிழவியைத் தூக்காத குறையாகக் கொண்டுவந்தார். அவள் வீட்டுச் செருப்போடு பனிக்குள் நின்றாள். அத்தான் தன் குளிர்ச்சட்டையைக் கழற்றி அவளுக்குப் போர்த்தார். அவள் அதைக் கழற்றி அவரிடமே திருப்பிக் கொடுத்தாள்.  நான் என் சால்வையைக் கொடுத்தபோது வாங்கிக்கொண்டாள்.

அதற்குள் பழைய பன்னிரண்டு பேரில் நாலைந்து பேர் தங்கள் தங்கள் காரில் வந்து சேர்ந்துவிட்டார்கள். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. நெருப்பை எப்படி அணைப்பது என்று நன்றாகத் தெரிந்த ஆட்கள், ஒரு பம்ப் இல்லாமல் ஒரு குழாய் இல்லாமல் நின்றார்கள். பக்கத்தில் ஏரி நிறையத் தண்ணீர் ஐஸுக்குக் கீழே கிடந்தது. மரம் வெட்டுகிற மெசினால் ஐஸை அறுத்து, வாளியால் அள்ளி, கை மாற்றி மாற்றி ஊற்றினோம். மகேசனும்தான் ஊற்றினார், இரண்டு தரம் வழுக்கி விழுந்தார். வாளித் தண்ணியில் அடங்குகிற நெருப்பா அது. கூரை உள்ளே விழுந்தபின்தான் வண்டி வந்தது. வந்தது அதே வண்டி. ஜனவரியில் அத்தான் கழுவிக் கொடுத்த வண்டி. ஓட்டி வந்தவருக்கு ஏரிக்கு எந்தப் பக்கத்தால் இறங்குவது என்று தெரியவில்லை. அத்தான்தான் முன்னால் ஓடிக் கையைக் காட்டினார்.

வீடு முழுக்கப் போய்விட்டது. போர்கில்டை முதியோர் இல்லத்தில் கொண்டுபோய் விட்டார்கள். அத்தானும் அக்காவும் வேலை செய்கிற அதே இல்லம். அக்கா சமைக்கிற சாப்பாட்டை அவள் சாப்பிடுகிறாள், நன்றி என்கிறாள். அவளுடைய அறையில் மின்குமிழ் மாற்ற அத்தான் போனால், அவர் வேலை முடித்துப் போகும்வரை யன்னல் பக்கம் திரும்பி இருக்கிறாள். வேலைநாள் ஒவ்வொன்றும் அத்தான் அந்த அறையைக் கடந்துதான் போகவேண்டும்.

மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் கெஞ்சிக் கேட்டு, இரண்டு பேரும் எங்கள் வீட்டுக்கு மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்தார்கள். அத்தான் நன்றாக மெலிந்திருந்தார். ஆட்டிறைச்சிக் கறியும் கத்தரிக்காய்ப் பால்கறியும் வைத்தேன். எல்லோரும் காலநிலையைப் பற்றிக் கதைத்துக்கொண்டு பேசாமல் சாப்பிட்டு எழும்பியிருக்கலாம். மகேசனுக்குப் பொறுக்கவில்லை. தாங்கள் மூன்று பேரும் ஒரு முடிவெடுத்திருக்கிறோம் என்று தொடங்கினார். அந்த நெருப்பைப் பார்த்ததிலிருந்து மூன்று வீட்டுப் பெண்களுக்கும் பயமாம். அதனால் ஆளுக்கு ஒரு பங்கு போட்டு, நல்ல பெற்றோல் பம்ப் ஒன்றும் நீளக் குழாயும் வாங்கி ஹித்தேயடியில் வைக்கப் போகிறார்களாம். விலையும் விசாரித்துவிட்டார்கள். அந்த வரியை எத்தனை வருடம் கட்டியிருக்கலாம் அந்தக் காசில் என்று எனக்கு வாய் வரைக்கும் வந்தது.

"அண்ணை, நீங்கள் கிட்டத்தானே இருக்கிறியள்," என்றார் மகேசன். "உங்களுக்கு அதை ஓட்டத் தெரியும். எங்கட ஆக்களுக்கு நீங்கள் இருக்கேக்கை எங்களுக்கு என்ன பயம்?"

அத்தான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார்.

"வாங்குங்கோ," என்றார். "வாங்கி முதல்லை போர்கில்டின்ரை வீட்டடியிலை கொண்டுபோய் வையுங்கோ."

மகேசன் அவரை விளங்காமல் பார்த்தார். "அங்கை இப்ப வீடு இல்லையே, அண்ணை."

"ஓம்," என்றார் அத்தான். "இல்லைத்தான்."

எழும்பிப் போய்க் கை கழுவினார். அக்காவைப் பார்த்து, வெளிக்கிடுவம் என்றார். அக்காவின் கோப்பையில் பாதிச் சோறு அப்படியே இருந்தது. நான் வாசல் வரைக்கும் போனேன். அவருடைய கையைப் பிடித்தேன், அவர் என் தலையைத் தடவிவிட்டு லிப்டுக்குள் போனார். அந்த இடத்திலேயே இருந்து ஓவென்று அழவேண்டும்போல இருந்தது.

நான் திரும்பி வந்தபோது மகேசன் மேசையில் தனியாக இருந்து கறியைத் தேடிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"கோவிச்சுக்கொண்டு போறாரோ?" என்று கேட்டார். "அப்ப பம்பை ஆர் ஓட்டுறது?"